புதுக் கீர்த்தனமும் கேட்போர் மறுமொழியும்

(ஒரு சங்கீத சபையின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் நாட்டில் இன்று புதிய கீர்த்தனங்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. பள்ளி ஆசிரியர்களும் வங்கி உத்தியோகஸ்தர்களும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு ஓய்வு கண்ட குடும்பத் தலைவிகளும், தங்களுக்கு உகந்த ராகத்தில் தங்களுக்கு உகந்த தெய்வத்தின்மீது சாஹித்யம் இயற்றி, அலைபேசியிலேயே பாடிப் பதிவு செய்து, இரவு உறங்கப் போகுமுன் இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். விடிவதற்குள் சிங்கப்பூரிலும் டொரான்டோவிலும் சிட்னியிலும் உள்ள ரசிகர்கள் அதைக் கேட்டு, தங்கள் மகிழ்ச்சியைத் தெரிவித்துவிடுகிறார்கள். ஒரு வாக்கேயக்காரருக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் வேறு என்ன வேண்டும் என்று தோன்றலாம். நானும் இதைப் பாக்கியம் என்றே கருதுகிறேன். ஆயினும், கேட்டோம் என்று சொல்வதும் நன்றாயிருந்தது என்று சொல்வதும் ஒரு கீர்த்தனத்துக்கு முழு மறுமொழி ஆகா என்பதும், அதனை இன்னொருவர் தம் கண்டத்தில் ஏற்றிக்கொண்டு திருப்பிப் பாடும்போதுதான் அதன் குணமும் குற்றமும் இயற்றியவருக்கே விளங்குகின்றன என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். அதைப் பற்றியே இன்று உங்கள்முன் பேச விரும்புகிறேன்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் சரித்திரத்தை, அவரிடம் சிறிது காலம் சங்கீதம் பயின்றவரான மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நரிமணத்தில் பிறந்து, ஆனைதாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்த பாரதியார், நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனங்களாக இயற்றி ஊர் ஊராகக் கதை செய்தபோது, ஜனங்கள் அதை உள்ளம் உருகிக் கேட்டார்கள். புத்தகம் அச்சேறுவதற்கு முன்பே பாட்டுக்கள் தெருவில் நடமாடத் தொடங்கிவிட்டன. இவ்வளவு புகழ் கிடைத்த பிறகும் அவருக்கு ஒரு குறை இருந்தது. அக்காலத்துத் தமிழ்ப் புலவர்களுள் தலைசிறந்தவராய் விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அந்நூலுக்கு ஒரு சிறப்புப் பாயிரம் தரவேண்டும் என்று அவர் விரும்பினார். பிள்ளையவர்களோ இலக்கண வரம்பில் நின்றவர். கீர்த்தனங்களில் கண்ட மொழிப் பிழைகள் அவருக்கு இசைவாயில்லை. நேரில் மறுப்பதற்கு மனமில்லாமல் அவர் நாளைக் கடத்தினார். பாரதியார் மீண்டும் மீண்டும் சென்றார். ஒரு நாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வாக இருந்த சமயத்தில், பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனம் ஒன்றைத் தமக்குத் தாமே உருகிப் பாடத் தொடங்கினார். அதைச் செவியுற்ற பிள்ளையவர்களின் நெஞ்சம் நெகிழ்ந்தது, பாயிரமும் வந்தது.

இந்த வரலாற்றைச் சொல்லுவோர் பெரும்பாலும், இலக்கணத்தைப் பக்தி வென்றது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. பிள்ளையவர்கள் முதலில் தயங்கியதும் நேர்மையான மறுமொழியே. பின்னர் பாயிரம் தந்ததும் நேர்மையான மறுமொழியே. ஏட்டில் இருந்த எழுத்தைப் பார்த்தபோது அவர் கண்ட குற்றம் பொய்யன்று. அந்த எழுத்து ராகத்தோடும் தாளத்தோடும் ஒரு மனிதரின் குரலில் ஏறி வந்தபோது அவர் கண்ட குணமும் பொய்யன்று. பாட்டை வாசித்து அளந்தவருக்கு அதைக் கேட்டு அளக்கவும் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது என்பதே இங்கே விசேஷம். தம்மைப் புகழ்ந்த ஆயிரம் பேர் ஊரெங்கும் இருக்க, தம்மை ஏற்கத் தயங்கிய ஒருவரின் வாசலுக்குத் திரும்பத் திரும்பச் சென்றாரே, அந்தப் பாரதியாரின் மனத்திண்மையை நான் மிகவும் போற்றுகிறேன். தயங்குகிறவரின் செவியே ஒரு கலைஞனுக்கு உண்மையில் பயன்படும் செவி.

அதே பாரதியாரைப் பற்றி இன்னொரு செய்தியும் வழங்குகிறது. அவர் திருவையாற்றுக்குச் சென்று தியாகராஜ சுவாமிகளைத் தரிசித்தபோது, அங்கே சிஷ்யர்கள் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனம் பாடிக்கொண்டிருந்தார்களாம். அந்த ராகத்தில் நீர் ஏதேனும் செய்ததுண்டா என்று சுவாமிகள் கேட்க, பாரதியார் அப்போது மறுமொழி சொல்லாமல் இருந்து, பின்னர் சபாபதியின்மீது ஆபோகியில் ஒரு கீர்த்தனம் இயற்றிவந்து பாடிக் காட்டினார் என்பார்கள். அந்தக் கீர்த்தனம் இன்றும் மேடைகளில் உயிரோடு இருக்கிறது. ஒரு கீர்த்தனத்துக்கு இன்னொரு கீர்த்தனமே மறுமொழியாக வந்தது. கேட்டவர் தாமே கர்த்தாவாகித் திருப்பித் தந்த இதைவிட உயர்ந்த அபிப்பிராயத்தை எங்கே காண முடியும்?

தியாகராஜ சுவாமிகள் (1767–1847) விஷயத்திலும் இதே தர்மம் வேறொரு வகையில் நடந்திருப்பதைக் காண்கிறோம். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று சிஷ்ய பரம்பரைகள் அவர் கீர்த்தனங்களை ஏற்று வளர்த்தன. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் குமாரர் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதிவைத்த சுவடிகள் இன்றும் மதுரைச் சௌராஷ்டிர சபையில் காக்கப்பட்டு வருகின்றன. ஒரே கீர்த்தனத்தை ஒரு பரம்பரையார் பாடுவதற்கும் மற்றொரு பரம்பரையார் பாடுவதற்கும் சங்கதிகளில், அதாவது ஓர் அடியையே வேறுபடுத்திப் பாடும் வகைகளில், வேற்றுமை உண்டு. சில சங்கதிகள் பிற்காலத்து வித்துவான்கள் சேர்த்தவை என்பதைச் சங்கீத உலகம் மறைப்பதில்லை. மூலம் கெட்டுப்போயிற்று என்று இதற்காக வருந்துவோர் உண்டு. அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒரு பல்லவி ஐந்து சங்கதிகளாகவும் எட்டுச் சங்கதிகளாகவும் விரிந்ததென்றால், அந்தப் பல்லவியைக் கேட்டவர்கள் வெறுமனே தலையசைத்துவிட்டுப் போகவில்லை, அதற்குள் புகுந்து குடியிருந்தார்கள் என்பதல்லவா அதன் பொருள்?

இதற்கு மாறாக நடந்தவற்றையும் சொல்லவேண்டும். 18ஆம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் இராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றினார். அவருக்குச் சங்கீதத்தில் துணையாயிருந்து வர்ணமெட்டு அமைத்தவர்கள் அவருடைய மாணாக்கர்களான வேங்கடராமையரும் கோதண்டராமையரும். சாஹித்யம் அச்சில் நின்றது. ராகம், தாளம் ஆகியவற்றின் பெயர்களும் நின்றன. பழைய மெட்டுக்களோ பெரும்பாலும் மறைந்தன. 20ஆம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்றவர்கள் அவற்றுள் சிலவற்றுக்குப் புதிதாக மெட்டமைத்துப் பாடியதனால்தான் அவை கச்சேரிக்கு மீண்டன. அவருக்கு முன்பே தமிழில் கீர்த்தனம் இயற்றிய முத்துத்தாண்டவருக்கும் இதே கதிதான். ஸ்வரப்படுத்தி எழுதிவைக்கும் வழக்கம் அப்போது பரவவில்லை என்பது ஒரு காரணம். சுப்பராம தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவோடு சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை 1904ஆம் ஆண்டில் வெளியிட்டு, கமகங்களுக்குக்கூடத் தனித்தனிக் குறியீடுகள் தந்தாரே, அப்படிப்பட்ட பெருமுயற்சி தமிழ்க் கீர்த்தனங்களுக்கு வாய்க்கக் காலம் தாழ்ந்தது. ஆனால் ஸ்வரக் குறிப்பு இருந்தால் மட்டும் பாட்டுப் பிழைத்துவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1940களில் தமிழிசை இயக்கத்தின் பயனாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஸ்வரக் குறிப்போடு தமிழிசைப் பாடல்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அருமையான தொண்டு அது. எனினும் அத்தொகுதிகளில் உள்ள எத்தனையோ பாடல்களுக்கு இன்றுவரை ஒரு பாடகர் கிடைக்கவில்லை. காகிதம் காக்கும், அவ்வளவே. வாழ்விப்பதற்கு ஒரு குரல் வேண்டும்.

பாபநாசம் சிவன் அவர்களுக்கு (1890–1973) அந்தக் குரல் எவ்வாறு கிடைத்தது என்று நான் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு. செம்மங்குடி, முசிரி, பட்டம்மாள், சுப்புலட்சுமி ஆகியோர் பாடினார்கள், அதனால் கிடைத்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பிற்பகுதி. முற்பகுதி பஜனை கோஷ்டி. இளமையில் திருவனந்தபுரத்தில் நீலகண்ட சிவனின் பஜனைகளில் ஊறி வளர்ந்தவர் அவர். பின்னாளில் மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் மார்கழி மாதத்து விடியற்காலையில் பாடிக்கொண்டு வலம் வருவதை விரதமாகவே கொண்டிருந்தார். தலைவர் ஒரு அடியைப் பாட, கோஷ்டி அதை வாங்கிப் பாடுவது பஜனையின் முறை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பின்னால் வருபவர்களில் சங்கீதம் கற்றவர் சிலர், கல்லாதவர் பலர். வயோதிகர் உண்டு, சிறுவர் உண்டு. பனிக்காகத் தலையில் துணி சுற்றிக்கொண்டு நடப்பவர்கள். அடி அளவாயும் சொல் தெளிவாயும் இருந்தால் இவர்கள் அனைவரும் ஒரே வாயாக வாங்கிப் பாடுவார்கள். ஒரு சொல் தாளத்துக்கு மிஞ்சினால், எடுப்பு மயக்கமாயிருந்தால், அந்த இடத்தில் கோஷ்டியின் குரல் தானாகத் தேய்ந்துவிடும். யாரும் அபிப்பிராயம் சொல்லவேண்டியதில்லை. மெலிந்துபோன அந்தக் குரலே அபிப்பிராயம். சிவன் அவர்களின் கீர்த்தனங்களில் பண்டிதரும் பாமரரும் ஒருங்கே ஈடுபடக்கூடிய ஓர் எளிமை உண்டென்று நாம் வியக்கிறோமே, அதில் அந்த மாட வீதிகளுக்குப் பெரும்பங்கு உண்டென்றே நான் நம்புகிறேன். 1934இல் அவருடைய கீர்த்தன மாலை புத்தகமாக வெளிவந்தபோது, அது தெருவில் பழகிய ஒரு சாஹித்யகர்த்தாவின் புத்தகமாக வந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். காவிரிக் கரை ஊர் ஒன்றில் சிறுவர்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் அம்மையார் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். பெயரைச் சபையில் சொல்லுவதை அவர் விரும்பமாட்டார். அவர் பூர்விகல்யாணி ராகத்தில், ஆதி தாளத்தில், அம்பிகையின்மீது ஒரு கீர்த்தனம் இயற்றிப் பாடி இணையத்தில் இட்டார். எங்கிருந்தெல்லாமோ பாராட்டுக்கள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ராகத்தைப் பற்றியனவுமல்ல, சாஹித்யத்தைப் பற்றியனவுமல்ல. பாடியவரின் பக்தியைப் பற்றியவை, அல்லது கேட்டவர் அன்று இருந்த மனநிலையைப் பற்றியவை. அவற்றையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்பு எந்த உருவத்தில் வந்தாலும் அன்புதான். ஆனால் அவருக்கு மெய்யாகப் பயன்பட்ட மறுமொழிகள் இரண்டு.

ஒன்று, நாகஸ்வர வித்துவான் ஒருவரிடமிருந்து வந்தது. அவர் நேரே சொற்களைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. சரணத்தை மட்டும் நாயனத்தில் வாசித்துப் பதிவு செய்து அனுப்பினார். சொல் நீங்கி மெட்டு மாத்திரம் தனித்து நின்றபோது, சரணத்தின் முதலிரண்டு அடிகள் எல்லாருக்கும் பழக்கமான வேறொரு பூர்விகல்யாணிக் கீர்த்தனத்தின் நடையிலேயே போவது அப்பட்டமாகத் தெரிந்தது. பாடும்போது சாஹித்யத்தின் மறைவில் அது தெரியாமலிருந்தது. மற்றொன்று கடல் கடந்து வாழும் ஒரு தாயிடமிருந்து வந்தது. அவர் அந்தக் கீர்த்தனத்தைத் தாம் கற்று, பத்து வயதுப் பெண் குழந்தைக்கும் கற்பித்து, குழந்தை பாடியதை அனுப்பியிருந்தார். அனுபல்லவியில் ‘மலைமகள்’ என்று ஒரு சொல் வருகிறது. மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறும் வழியில் அதன் முதலெழுத்தில் ஒரு நீட்டம் அமைந்திருந்தது. இயற்றியவர் பாடும்போது, தாம் எழுதியது இன்னதென்று அவருக்குத் தெரியுமாதலால், அவர் செவிக்கு அது மலைமகளாகவே கேட்டது. மற்றவர் செவிக்கோ மாலைமகள் என்று கேட்டிருக்க வேண்டும். குழந்தை என்ன செய்தாள் தெரியுமா? முதலெழுத்தைக் குறிலாகவே விட்டு, நீட்டத்தை ‘லை’யின்மேல் தள்ளிப் பாடியிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுத்ததன்று. மலை என்ற சொல்லை வீட்டில் எப்படிச் சொல்லிப் பழகினாளோ அப்படியே பாடினாள். நீட்டம் பின்தள்ளிப் போனவுடன், தாளத்தின் ஐந்தாம் எண்ணிக்கையில் விழும் அருதி என்னும் இடத்தில் அடுத்த சொல் முழுமையாக வந்து உட்கார்ந்தது. முன்னே அங்கே ஒரு சொல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அம்மையார் தம் ஸ்வரக் குறிப்பை அன்றே திருத்தி எழுதினார். சரணத்தையும் மாற்றியமைத்தார்.

தமிழில் சாஹித்யம் செய்வோர் இந்தக் குறில் நெடில் விஷயத்தில் மிகவும் விழிப்பாயிருக்க வேண்டும் என்று நான் எங்கும் சொல்லிவருவதுண்டு. தாளத்தில் இடம் இருக்கிறதே என்று குறிலை நீட்டினால் கொடி கோடியாகும், கலை காலையாகும். தாரஸ்தாயியில் நிற்க வேண்டிய இடத்தில் இகரத்தையோ உகரத்தையோ வைத்தால் குரல் இறுகும். ஆகாரத்தை வைத்தால் தடையின்றிப் பாயும். எதுகையையும் மோனையையும் தேடுகிற சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கையேனும் இந்த உயிரெழுத்துக்களின்மேல் செலுத்தினால் எத்தனையோ புதுப் பாட்டுக்கள் பாடுவதற்கு இதமாயிருக்கும். ஆனால் இவற்றை இயற்றியவர் தாமே கண்டுபிடிப்பது அரிது. சமைத்தவருக்கு உப்புக் குறைவு தெரியாது என்பார்களே, அந்த நிலைதான்.

இங்கே இன்னொரு சங்கடத்தையும் குறிப்பிட்டாகவேண்டும். முற்காலத்தில் ஒரு கீர்த்தனம் பத்து வருஷம் சிஷ்யர்களிடத்தில் புழங்கி, உருண்டு திரண்டு, பிறகு சபைக்கு வந்தது. இப்போது முதல் நாள் பாடிய உருவமே உலகத்தின்முன் நிலைத்துவிடுகிறது. திருத்திப் பாடிய இரண்டாம் உருவத்தை ஏற்றினாலும், முதலாவதைக் கேட்டவர்கள் இரண்டாவதைத் தேடி வருவார்கள் என்பது நிச்சயமில்லை. ஆகவே இயற்றுவோருக்கு என் வேண்டுகோள்: பக்கவாத்தியமும் எதிரொலியும் சேர்த்து மெருகேற்றிய பதிவை மட்டும் இடாதீர்கள், தம்புராவும் தாளமும் மாத்திரம் இருக்க, விளம்பமாக, ஒவ்வொரு அடியையும் இரண்டு தரம் பாடிய பதிவு ஒன்றையும், ஸ்வரக் குறிப்பையும், பதம் பிரித்த சாஹித்யத்தையும் அதனோடு சேர்த்து இடுங்கள். முன்னது ரசிப்பதற்கு, பின்னது கற்பதற்கு. கற்க வழி செய்யாமல் கருத்து மட்டும் கேட்பது, திண்ணையில் உட்காரவிடாமல் பாயிரம் கேட்பதைப் போன்றதே.

மறுமொழி உடனே வரவேண்டும் என்று பதறவும் வேண்டாம். கோடீசுவர ஐயர் (1870–1938) எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனம் இயற்றிக் கந்த கானாமுதம் என்று தந்தார். அவற்றுள் முரண்படும் ஸ்வரங்களைக் கொண்ட விவாதி மேளங்களைப் பாடவே பலர் அஞ்சியிருந்த காலம் அது. அவர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, ஓவியரும் பாடகருமான எஸ். ராஜம் அவர்கள் (1919–2010) அந்த எழுபத்திரண்டையும் தம் உடைமைபோல் ஏற்றுப் பாடியும் பதிவு செய்தும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் உலாவ விட்டார். ஒரே ஒரு மனிதரின் முழு மனதான ஈடுபாடு அது. ஒரு லட்சம் பேர் ஒரு நிமிஷம் கேட்டுச் செல்வதையும், ஒருவர் தம் ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுத்துப் பாடுவதையும் ஒரே தட்டில் வைத்து எண்ண என்னால் முடியவில்லை.

கேட்போரிடத்திலும் சிறிது உரிமையோடு பேச விரும்புகிறேன். ஒரு புதுக் கீர்த்தனம் உங்களைக் கவர்ந்தால், அதில் எந்த இடம் கவர்ந்தது என்று சொல்லுங்கள். பல்லவியின் எடுப்பா, ஒரு சங்கதியா, சிட்டஸ்வரம் திரும்பி வந்து பல்லவியோடு சேருகிற இடமா என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். சாஸ்திரம் தெரியவில்லையே என்று கூச வேண்டாம். இன்ன அடியில் எனக்குச் சொல் விளங்கவில்லை என்று ஒரு சாதாரண ரசிகர் சொல்வது, லட்சணம் கற்றவரின் பத்துப் பக்க விமர்சனத்துக்கு ஒரு சிறிதும் குறைந்ததன்று. குரல் உள்ளவர்களாயின் ஒரு அடியையேனும் பாடி அனுப்புங்கள். குறை சொல்லும்போது மட்டும், இயற்றியவர் தம் இஷ்டதெய்வத்தின்முன் நின்று செய்த காரியம் அது என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். கடுமை வேறு, கண்டிப்பு வேறு. பிள்ளையவர்கள் நாளைக் கடத்தினாரே ஒழிய, பாரதியாரை ஒரு சொல்லாலும் புண்படுத்தினாரில்லை.

சபையின் காரியதரிசி அவர்கள் கைகாட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. அடுத்தபடியாக, நம் சபையின் வகுப்பில் பயிலும் மாணவியர் இருவர், இவ்வாண்டு இயற்றப்பட்டு இதுவரை எந்த மேடையிலும் பாடப்படாத ஒரு கீர்த்தனத்தைப் பாட இருக்கிறார்கள். சாஹித்யம் அச்சிட்ட தாள் வாசலில் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அனுபல்லவியை மூன்று தரம் பாடும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் தரம் நீங்களும் உடன் பாடுங்கள். இயற்றியவர் நான்காம் வரிசையில் பென்சிலோடு அமர்ந்திருக்கிறார். எந்த இடத்தில் நம் குரல் தேய்கிறது என்று அவர் குறித்துக்கொள்வார்.